மனைவியோடு: 1933இல் திருவிதாங்கூர், கொச்சிக் காடுகளில் ஒரு நெடும்பயணம்

மட்டாஞ்சேரியில் நான் தங்கியிருக்கும் வீட்டின் பின்புறம் பட்டுப்போன தென்னை ஒன்று நிற்கிறது. மண்டை சரிந்து, வெறும் தூணாகிவிட்ட மரம். காலை ஏழு மணியளவில் ஒரு மரங்கொத்தி அதில் வந்து அமரும். பொன்னிற முதுகு, சிவந்த கொண்டை, கரிய தொண்டை. தமிழில் பொன்முதுகு மரங்கொத்தி என்றும், மலையாளத்தில் நாட்டு மரங்கொத்தி என்றும் வழங்கும் எளிய பறவை இது. காட்டை நாடாமல் ஊருக்குள்ளேயே, தென்னையை நம்பி வாழ்வது. இதன் அறிவியல் பெயரைத் தேடியபோதுதான் இக்கட்டுரைக்கான வித்து விழுந்தது. தென்மேற்கு இந்தியாவில் வாழும் இதன் துணையினத்திற்கு டைனோபியம் பெங்காலென்சி தெஹ்மினே என்று பெயர். ஹ்யூ விஸ்லர், நார்மன் கின்னியர் என்னும் இரண்டு பிரித்தானியப் பறவையியலாளர்கள் 1934இல் இட்ட பெயர். அதில் வரும் தெஹ்மினா ஒரு பெண்; பறவையியலாளர் சலீம் அலியின் மனைவி.

சலீம் அலியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1896இல் பிறந்தவர், பம்பாயின் சுலைமானி போரா குடும்பத்தைச் சேர்ந்தவர். (மட்டாஞ்சேரியில் பள்ளிவாசல் கட்டிக்கொண்டு தலைமுறைகளாக வாழும் போராக்கள் தாவூதி பிரிவினர், இருவரும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.) சிறுவயதில் சுட்ட மஞ்சள் கழுத்துக் குருவி அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்குக் கொண்டுசென்ற கதையைப் பள்ளிப் பாடங்களிலேயே படித்திருப்போம். தெஹ்மினா அவரை மணந்தது 1918 டிசம்பரில். அதன்பின் கணவரின் பிழைப்பு பர்மாவின் தவாய்க் காடுகளில். அந்தத் தொழில் நொடிந்து, 1924இல் பம்பாய் திரும்பினர். 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. பெர்லினுக்குச் சென்று எர்வின் ஸ்ட்ரேஸ்மானிடம் பயின்று 1930இல் திரும்பியபோது, பணமில்லை என்ற காரணத்தால் அந்தப் பணியிடமே எடுக்கப்பட்டிருந்தது. இருவரும் பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே ஒரு மரத்தில் கூடு கட்டியிருந்த தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்து அவர் எழுதிய கட்டுரைதான் அவருக்கு முதல் பெரும் புகழைத் தேடித்தந்தது. வேலை போனதால் விளைந்த நன்மை என்று இதைப் பலரும் எழுதுகிறார்கள். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களை அறிந்தவள் என்ற முறையில், அத்தகைய நன்மைகளைப் பற்றி எனக்குச் சற்று ஐயம் உண்டு.

அக்காலத்து இந்தியாவில் பறவைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகள் ஓய்வு நேரத்தில் செய்த வேலை. அவர்கள் பணியாற்றிய மாவட்டங்கள் ஓரளவு அறியப்பட்டிருந்தன. சுதேச சமஸ்தானங்கள் பல இடங்களில் வெற்றுத்தாளாகக் கிடந்தன. இந்த இடைவெளியைச் சலீம் அலி ஒரு வாய்ப்பாகக் கண்டார். தமக்குச் சம்பளம் வேண்டாம். முகாம் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சமஸ்தானம் ஏற்றால் போதும் என்று முன்வந்தார். முதலில் ஐதராபாத், 1931 இறுதியில். அடுத்து 1933இல் திருவிதாங்கூரும் கொச்சியும். சம்பளமில்லாத அந்த ஆய்வாளருக்கு, அதனினும் சம்பளமில்லாத ஒரு துணை ஆய்வாளர் உடன் சென்றார்.

திருவிதாங்கூர், கொச்சிப் பயணத்தில் அவர்கள் முகாமிட்ட இடங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டு போனாலே தென்மேற்கு மலைத்தொடரின் வரைபடம் கண்முன் விரியும். மறையூர், சாந்தன்பாறை, பீருமேடு, குமுளி, தென்மலை, ஆரல்வாய்மொழி, தட்டேக்காடு. கொச்சி சமஸ்தானத்தில் வடக்காஞ்சேரி, நெல்லியாம்பதி, குரியார்குட்டி, உப்பங்கழிக் கரையில் உள்ள கரூப்படன்னை. தொடங்கியது ஜனவரியில், மறையூரில்.

மறையூரில் தொடங்கியது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அது அன்றும் இன்றும் தமிழ் வழங்கும் பள்ளத்தாக்கு. மேற்கே மூணாறு நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே வெயில் காயும், மழைமறைவு நிலம். சந்தனமும் முட்புதரும் கற்பதுக்கைகளும் நிறைந்த மண். அஞ்சுநாடு எனப்படும் ஐந்து ஊர்களின் மக்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று தம் வரலாற்றைச் சொல்கிறார்கள். அருகிலுள்ள முதுவர்களும் மதுரைக் கதையையே சொல்வார்கள். முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்பது அவர்கள் தரும் சொல் விளக்கம். மொழியியல் இதை நாட்டார் சொற்பிறப்பியல் என்று ஒதுக்கும். ஒதுக்கலாம், ஆனால் ஒரு மக்கள்கூட்டம் தன் பெயருக்குள் ஒரு நடைப்பயணத்தை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது ஒதுக்கக்கூடிய செய்தியன்று.

ஆரல்வாய்மொழி அன்று திருவிதாங்கூருக்குள் இருந்தது; 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டத்தோடு சென்னை மாநிலத்திற்கு வந்தது. ஆங்கில ஆவணங்களில் அது ‘ஆரம்போலி’ ஆகக் குறுகிக் கிடக்கிறது. மலைத்தொடர் முடிந்து காற்று பீறிட்டு வரும் கணவாய் அது. மலைச்சோலைகளிலிருந்து அந்தக் காய்ந்த முட்காட்டுக்கு இறங்குபவர் ஒரே சமஸ்தானத்திற்குள் வேறொரு நாட்டுக்குள் நுழைந்ததாகவே உணர்வார். பறவைகளும் மாறிவிடும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த முகாம் வரிசை வேறொன்றை நினைவூட்டும். தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்க்கிறது. நிலத்துக்கு நிலம் பறவை வேறு என்பது அங்கே இலக்கண விதி. மறையூர் மலைச்சரிவிலிருந்து ஆரல்வாய்மொழி முட்காடு வழியாகக் கரூப்படன்னை உப்பங்கழி வரை சென்ற இருவரும் குறிஞ்சியையும் பாலையையும் நெய்தலையும் ஓராண்டில் கடந்திருக்கிறார்கள். சலீம் அலியின் புதுமை என்று பறவையியலாளர்கள் சொல்வதும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. அவருக்கு முன்பிருந்தோரில் பலர் தோல் சேகரிப்பதோடு நிறுத்திக்கொண்டனர். இவர் எந்த மரம், எந்த உயரம், என்ன உணவு, எப்போது கூடு என்று உயிருள்ள பறவையின் வாழிடத்தைக் குறித்தார். அவர் தொல்காப்பியம் படித்தவர் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். படிக்கவில்லை, நிலத்தைப் பார்த்தவர்கள் ஒரே முடிவுக்கு வருவதில் வியப்பில்லை.

இனி வழியைப் பற்றி. 1924 ஜூலைப் பெருவெள்ளத்தைக் கேரளத்தில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. அந்த வெள்ளம் மூணாறுக்குச் சென்ற பழைய ஆலுவாச் சாலையையும், மூணாறின் சிறு இரயில் பாதையையும் அழித்தது. புதிய சாலை நேரியமங்கலம் வழியாகப் போடப்பட்டது. அங்கே பெரியாற்றின் மேல் பாலம் திறக்கப்பட்டது 1935இல். எனவே 1933இல் அந்த வழியாக மலையேற எண்ணியவர் ஆற்றைப் படகில்தான் கடந்திருக்க வேண்டும். இரண்டு படகுகளைப் பிணைத்து மேலே பலகை பரப்பிய தோணிக்கு மலையாளத்தில் சங்ஙாடம் என்று பெயர். தமிழ்ப் பேரகராதியிலும் இச்சொல் உண்டு. போர்த்துகீசியர் இதைக் கேட்டு ‘ஜங்காத’ ஆக்கிக்கொண்டார்கள். அச்சொல் கடல் கடந்து பிரேசில் மீனவரின் கட்டுமரத்துக்குப் பெயராயிற்று. இன்று ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குக் காரை ஏற்றிச் செல்லும் மிதவைக்கு நாங்கள் ‘ஜங்கார்’ என்கிறோம். போன சொல்லே உருமாறித் திரும்பி வந்திருக்கக்கூடும். கட்டுரை வழி தவறுகிறது, மன்னிக்கவும். ஆற்றைக் கடந்துவிட்டோம்.

கொச்சிப் பகுதியில் அவர்கள் சென்ற இடங்களுள் குரியார்குட்டியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் அந்த வழி இன்று இல்லை. 1902இல் ஷொரணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு இரயில் வந்தது. அதன்பின் கொச்சி அரசு தன் மலைக்காட்டுத் தேக்கை இரயிலடிக்குக் கொண்டுவரச் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காட்டுக்குள் ஒரு டிராம் பாதை அமைத்தது. 1907இல் ஓடத் தொடங்கிய அதன் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். செங்குத்தான சரிவுகளில் என்ஜினுக்கு வேலையில்லை. மரம் ஏற்றிய பெட்டிகள் தம் எடையால் கீழே இறங்கும். கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய வெற்றுப் பெட்டிகளை அந்த இறக்கமே மேலே இழுத்துவிடும். ஊரில் கிணற்று ராட்டினத்தைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணால் மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே வில்லிங்டன் தீவை உருவாக்கிக்கொண்டிருந்த காலமும் அதுவே. காடு தண்டவாளத்தில் இறங்கி நகரத்துக்கு வந்துகொண்டிருந்தபோது, இந்த இருவரும் பறவைகளைத் தேடி எதிர்த்திசையில் ஏறிச் சென்றனர். குரியார்குட்டி அந்தப் பாதையில் ஒரு நிறுத்தம். அங்கே வனத்துறையின் ஓய்வு விடுதி இருந்தது. சுற்றிலும் காடர்களின் நிலம், மேலே இருவாச்சிகளின் சிறகொலி.

டிராம் பாதை 1963இல் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பரம்பிக்குளத்தில் அணைகள் எழுந்து, நீர் கிழக்கே தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள புலிகள் காப்பகம். ஆனால் அதற்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே உண்டு. கொச்சியிலிருந்து கிளம்புபவர் மாநில எல்லையைக் கடந்து, பொள்ளாச்சிப் பக்கம் சுற்றி, மீண்டும் எல்லையைக் கடந்து சொந்த மாநிலத்துக்குள் நுழைய வேண்டும். தொண்ணூறு ஆண்டுகளில் போக்குவரத்து எல்லா இடங்களையும் அருகில் கொண்டுவந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை குரியார்குட்டிக்குச் சென்று வரலாம்.

இப்போது முகாமுக்குள் வருவோம். பறவை ஆய்வு முகாம் என்றால் கூடாரத்தில் அமர்ந்து இயற்கையை இரசிப்பது என்று நினைக்கலாம். உண்மையில் அது ஒரு தொழிற்கூடம். விடியுமுன் காட்டுக்குள் நுழைந்து, சிறு குண்டுகளால் பறவையைச் சுட வேண்டும். இரத்தம் இறகில் படியாமல் உடனே வாயில் பஞ்சு அடைக்க வேண்டும். வெயில் ஏறினால் உடல் கெடும்; எனவே முற்பகலிலேயே தோலுரிப்புத் தொடங்கும். தோலின் உட்புறத்தில் ஆர்செனிக் கலந்த சோப்பைப் பூசி, பஞ்சு திணித்து, தைத்து, இறகுகளை நீவி, நிழலில் உலர்த்த வேண்டும். மலைநாட்டின் ஈரக்காற்றில் எதுவும் எளிதில் உலராது; பூஞ்சணமும் எறும்பும் காத்திருக்கும். கண்ணின் நிறம், அலகின் நிறம், இரைப்பையில் இருந்த உணவு, இனப்பெருக்க உறுப்பின் நிலை எல்லாவற்றையும் அன்றே குறிக்க வேண்டும். மறுநாள் நிறம் மாறிவிடும். கடைசியாகக் காலில் கட்டும் சீட்டு: இடம், நாள், ஆணா பெண்ணா. அந்தச் சீட்டு இல்லையேல் தோலுக்கு மதிப்பில்லை. இதற்கு நடுவே அரிசி, மண்ணெண்ணெய், சுமை தூக்குவோர், அடுத்த இடத்துக்கு வண்டி, காய்ச்சல், அட்டை. சில நாட்களில் மூட்டை கட்டி அடுத்த இடம். இதுவே மாதக்கணக்கில்.

இந்த வாழ்க்கையில் தெஹ்மினா உடனிருந்தார், உதவினார். இங்கிலாந்தில் படித்து, நகர வசதியில் வளர்ந்தவர். ஐதராபாத் பயணத்திலும் அவர் உண்டு, திருவிதாங்கூரிலும் உண்டு. அவருடைய துணையைப் பற்றிச் சலீம் அலி 1985இல் வெளியான தம் தன்வரலாற்றில் மிகுந்த அன்போடு பேசுகிறார். ஆனால் 1935 முதல் 1937 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பகுதி பகுதியாக வெளியான திருவிதாங்கூர், கொச்சிப் பறவையியல் அறிக்கையின் ஆசிரியர் சலீம் அலி. குறிப்புகள் ஹ்யூ விஸ்லருடையவை. விஸ்லர் அந்த முகாம்களில் இருந்தவர் அல்லர். பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் அமர்ந்து தோல்களை ஒப்பிட்டவர். அது பெரும்புலமை; குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், கடல் கடந்து தோலைப் பார்த்தவரின் பெயர் தலைப்பில் நிற்க, அந்தத் தோல் உருவான கூடாரத்தில் இருந்தவரின் பெயர் நிற்கவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. இது சலீம் அலி ஒருவரின் குறையன்று. அக்காலத்து அறிவியலின் இலக்கணமே அப்படி அமைந்திருந்தது.

இலக்கணம் என்ற சொல்லை உவமையாகச் சொல்லவில்லை. இப்பயணத்தைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு தொடர் மாறாமல் வரும்: ‘மனைவியோடு சென்றார்’. தமிழில் இது மூன்றாம் வேற்றுமை. ஒடு, ஓடு என்னும் உருபுகள் உடனிகழ்ச்சிப் பொருளில் வருபவை. எழுவாய் ஒருவர், வினைமுற்று அவருக்கே உரியது, மற்றவர் உருபேற்று ஓரமாக நிற்கிறார். ‘சலீம் அலி மனைவியோடு சென்றார்’ என்றால் சென்றவர் ஒருமை. ‘சலீம் அலியும் தெஹ்மினாவும் சென்றனர்’ என்றால் மட்டுமே இருவர் சென்றதாக வினைமுற்று ஒப்புக்கொள்ளும். நிகழ்ச்சி ஒன்றே, கணக்கு வேறு.

தொல்காப்பியர் இந்த உருபைப் பற்றி ஒரு நுட்பமான விதி சொல்கிறார். இருவர் ஒரே வினையைச் செய்யும்போது, ஒடு என்பது அவருள் உயர்ந்தவரின் பெயரோடு சேர்ந்து வரும் என்பது அதன் கருத்து. ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்பதே மரபு. மாணவரோடு ஆசிரியர் வந்தார் என்றால் பழங்காலச் செவிக்கு இடறும். உரையாசிரியர்கள் இதற்கு விலக்குகளைக் காட்டி வாதிட்டிருக்கிறார்கள், அது தனிக்கதை. அந்தப் பழைய விதியை மட்டும் நேராகப் பொருத்தினால், ‘மனைவியோடு சென்றார்’ என்னும் தொடரில் உயர்ந்தவர் மனைவி. எழுதுகிறவர்கள் யாரும் அப்படி நினைத்து எழுதுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நம் மொழியில் அந்த வாசிப்புக்கு ஓர் இடம் இருக்கிறது. வகுப்பில் இந்த நூற்பாவைப் படித்த நாளில் இப்படி ஒரு பயன் வருமென்று நான் எண்ணவில்லை.

அக இலக்கியம் கணவனும் மனைவியும் பயணத்தில் சந்திக்கும் இரண்டு நிலைகளை நமக்குப் பழக்கியிருக்கிறது. முல்லையில் தலைவன் பாசறையில் இருக்கிறான்; தலைவி வீட்டில் காத்திருக்கிறாள். முல்லைப்பாட்டு அந்தப் பாசறையை மிக விரிவாகக் காட்டும். தலைவிக்கு அங்கே வேலையில்லை. மற்றொன்று உடன்போக்கு: இருவரும் சேர்ந்து பாலைவழி நடப்பது. ஆனால் அது மணத்துக்கு முந்தைய பயணம். ஊர் சேர்ந்ததும் முடிந்துவிடும். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, வேலைக்காக, பாசறைக்குள்ளேயே தலைவி இருக்கும் நிலைக்கு நம் திணைகளில் பெயரில்லை. தெஹ்மினா என்ற பெயருக்கும் ஒரு காப்பியப் பின்னணி உண்டு. பாரசீக ஷாநாமாவில் வீரன் ருஸ்தமின் மனைவி தஹ்மினே. அவளை விட்டு அவன் புறப்பட்டுப் போய்விடுகிறான், மகனை அவள் தனியே வளர்க்கிறாள். காத்திருந்தவளின் பெயரைச் சூடிய ஒருத்தி காத்திருக்கவில்லை.

கணவன் செய்த நெடும்பயணத்தில் மனைவியின் பெயர் தங்கிவிடுவது உலகில் வேறு இடங்களிலும் நிகழ்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையில் 1950களிலும் 60களிலும் வழித்தடங்களை வெட்டிய லென் பீடெல் என்னும் நில அளவையாளர், கூபர் பீடியிலிருந்து மேற்கே லாவர்டன் நோக்கிச் செல்லும் ஒரு தடத்துக்கு ‘ஆன் பீடெல் நெடுஞ்சாலை’ என்று மனைவியின் பெயரை வைத்தார். ஏறத்தாழ 1,325 கிலோமீட்டர் மணலும் முட்புல்லும். வேறொரு தடத்துக்குக் கைக்குழந்தையாயிருந்த மகள் கானி சூவின் பெயர். அந்த வேலையின்போது தாயும் குழந்தையும் அவரோடு பாலையில் முகாமிட்டிருந்தனர். இன்று பாலைப் பயணம் விரும்பும் இணையர்கள் நான்கு சக்கர இழுவை வண்டியில் நாட்கணக்கில் அந்தத் தடத்தைக் கடக்கிறார்கள். சாலைக்கு வைத்த பெயரை வழிகாட்டிப் பலகை சொல்லிக்கொண்டே இருக்கும். பறவையின் துணையினத்துக்கு வைத்த பெயர் அருங்காட்சியக இழுப்பறைக்குள் இருக்கும்.

அந்தப் பெயரையும் உருபு பிரித்துப் பார்ப்போம். இலத்தீனில் தெஹ்மினே என்பது தெஹ்மினா என்னும் பெண்பாற் பெயரின் ஆறாம் வேற்றுமை: ‘தெஹ்மினாவின்’ என்பது பொருள். ஈற்றில் நிற்கும் அந்தச் சிறு உருபு இரண்டு செய்திகளைத் தருகிறது: உடைமை, பெண்பால். ஆண்களின் பெயர் என்றால் ஈறு இகரமாக இருந்திருக்கும். மேகமலைப் பகுதியில் கிடைத்த பழந்தின்னி வௌவால் சலீமலீயி என்று சலீம் அலியின் பெயரைத் தாங்குவதுபோல. இதே மரங்கொத்தியின் இலங்கைத் துணையினம் ஒன்றுக்கு யாப்னென்சி என்று பெயர். அதை இட்டவரும் விஸ்லர்தான். அது யாழ்ப்பாணத்தின் பெயரிலிருந்து பிறந்த பெயரடை. ஆகவே வங்காளம், யாழ்ப்பாணம், ஒரு பெண் ஆகிய மூன்றும் ஒரே பறவையின் பெயர்க்குடும்பத்தில் கூடியிருக்கின்றன. மூன்றாம் வேற்றுமையில் ஓரமாக நின்றவர், ஆறாம் வேற்றுமையில் உரிமையாளராக நிற்கிறார். எந்த உழைப்புக்காக அந்த உரிமை என்பதை மட்டும் பெயர் சொல்வதில்லை. அக்கால வழக்கப்படி இது ஒரு மரியாதைப் பெயர். நண்பரின் மனைவிக்குச் செய்த உபசாரம் என்றும் சிலர் வாசிப்பர். நான் அப்படி முழுதும் வாசிக்கத் தயங்குகிறேன். தோல்களின் செய்நேர்த்தியை அன்றாடம் கையில் எடுத்துப் பார்த்தவர் விஸ்லர். ஒரு முகாம் ஒழுங்காக நடந்ததா என்பதைத் தோலின் தையலும் சீட்டின் எழுத்தும் சொல்லிவிடும்.

இன்னொரு குறையையும் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. தெஹ்மினாவுக்கு உருபேனும் கிடைத்தது. பாதை காட்டிய காடர்களுக்கும் முதுவர்களுக்கும், சுமை தூக்கியோருக்கும் அதுவும் கிடைக்கவில்லை. எந்தப் பறவை எந்த மரத்தில் எந்த மாதம் கூடு வைக்கும் என்னும் அறிவில் எவ்வளவு அவர்களுடைய மொழியில் ஏற்கெனவே இருந்தது என்பதை எந்த அறிக்கையும் பிரித்துக் காட்டுவதில்லை. எங்கள் துறையும் இதில் சிறந்ததன்று. மொழியியல் ஆய்வேடுகளில் ‘தகவலாளி 1, தகவலாளி 2’ என்று எண்ணாகிப் போன பாட்டிமார்கள் எத்தனையோ பேர். ஃபோர்ட் கொச்சி வண்ணார் துறையில் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் முதியவர்களிடம் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும்போது, என் குறிப்பேட்டின் எழுவாய் யார் என்ற கேள்வி எனக்கும் எழுகிறது.

தெஹ்மினா 1939 ஜூலை 9 அன்று இறந்தார். ஒரு சிறு அறுவைச் சிகிச்சை; அதன்பின் எழவில்லை. திருமணமாகி இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன; குழந்தைகள் இல்லை. நிலைகுலைந்த சலீம் அலி, தம் தமக்கையின் குடும்பத்தோடு போய்த் தங்கினார். ஈராண்டு கழித்து, 1941இல், இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. 1953இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் நூலாக வந்து, பின்னர் 1969இல் ‘கேரளப் பறவைகள்’ ஆயிற்று. அவருடைய ஆங்கில நடையின் தெளிவை எல்லாரும் போற்றுவார்கள். அந்த நடை திருந்தியதில் மனைவிக்குப் பங்கிருந்ததை அவரே நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். 1987இல் மறையும் வரை, நாற்பத்தெட்டு ஆண்டுகள், அவர் தனியாகவே முகாம்களுக்குச் சென்றார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

தட்டேக்காடு 1983இல் பறவைகள் சரணாலயமாயிற்று, பரிந்துரைத்தவர் அவர். 1933இல் பார்த்த இடத்தை ஐம்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தார் என்பது தெரிகிறது. இன்று அதன் பெயர் சலீம் அலி பறவைகள் சரணாலயம். கொச்சியிலிருந்து அரை நாளில் போய்வரலாம்; பகலில் காய்ந்த இலைபோல் கிளையில் ஒட்டியிருக்கும் தவளைவாயனைப் பார்க்கவே வெளிநாட்டவர் வருகிறார்கள். 2009இல் கேரளப் பறவையியலாளர்கள் இன்னொரு அரிய வேலையைச் செய்தார்கள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் என்ன மாறியிருக்கிறது என்றறிய, சலீம் அலி முகாமிட்ட அதே இடங்களுக்கு, அவர் அங்கிருந்த அதே நாட்களில் சென்று மீண்டும் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். அப்படி ஒன்றைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், 1933இல் எந்த நாளில் எந்த ஊரில் கூடாரம் நின்றது என்பது பிழையின்றிக் குறிக்கப்பட்டிருந்ததுதான்.

மரங்கொத்தி இன்று காலையும் வந்தது. தெஹ்மினே துணையினத்துக்குக் கரிய தொண்டையில் நுண்ணிய வெண்புள்ளிகள் இருக்கும், சிறகின் புள்ளிகள் மங்கலாக இருக்கும் என்று நூல்கள் சொல்கின்றன. வீட்டுக்கார அம்மாவின் மகனிடம் இருநோக்கி கடன் வாங்கிப் பார்த்தேன். தொண்டையின் புள்ளிகள் தெரிந்தன. சிறகைப் பார்ப்பதற்குள் அது தென்னையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது.